முழு மார்க்

அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வரவில்லை. நலமில்லை என்று தெரிந்துதானே எழுதுகிறேன். போனில் உன் கையைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "இரு, அப்பா ஏதோ கேக்கணுமாம்" என்று போனை அவரிடம் தள்ளிவிடுகிறாய். அவர் கேட்பதற்கு ஒன்றுமில்லாமல், "அங்க மழையாடா?" என்கிறார். நான் இல்லை என்கிறேன். அதோடு முடிந்தது. கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. கடைசி வரி வரை நீதான் படித்தாக வேண்டும்.

இதோடு ஒரு அட்டைப்பெட்டி வந்திருக்கும். திறந்து பார்த்து, "துணிக்கடை வச்சிருக்கானா இவன்" என்று சொல்லியிருப்பாய். பெட்டிக்குப் பிறகு வருகிறேன். முதலில் கையை முடித்துக்கொள்கிறேன்.

உனக்கு ஸ்ட்ரோக் வந்து அரை வருடம் ஆகப்போகிறது. வலது கை இப்போது மேலே போகிறது, மடங்குகிறது, கதவைத் திறக்கிறது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு "கை வந்துடுச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வரவில்லை. பலம் வந்திருக்கிறது, தொடுவுணர்வு வரவில்லை. போன வாரம் அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவைத்தாயாம். கொப்புளத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுட்டது என்றே தெரிந்ததாம். இதை நீ சொல்லவில்லை. அப்பா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னார். அவரைத் திட்டாதே.

உன் தோலில் கோளாறு இல்லை. கை நரம்பிலும் இல்லை. விரல் ஒழுங்காகத்தான் சேதி அனுப்புகிறது. மூளையில் அதை வாங்கிப் படிக்கிற இடத்தில்தான் ஆள் இல்லை. உன் பள்ளிக்கூடப் பாணியில் சொன்னால், ஒரு வகுப்பு டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு இந்தப் பாடம் புதிது. தினமும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

அதற்குத்தான் பெட்டி. உள்ளே எட்டுத் துணிகள் இருக்கின்றன. சாக்கு, துண்டு, வெல்வெட், பட்டு, ஜீன்ஸ், கம்பளி. மிச்சம் இரண்டும் ஒரே பருத்தித் துணியில் வெட்டியவை. ஒன்று புதிது, மற்றதை நான் துவைத்துத் துவைத்துச் சாயம் போக வைத்திருக்கிறேன். அந்த இரண்டும் ஆளைக் கவிழ்ப்பவை. எனக்கே பாதி நேரம் தப்பிப் போகும். வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன்.

தினமும் காலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார். அப்பா ஒவ்வொரு துணியாக மேஜையில் வைப்பார். வலது ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்து எது என்று சொல். சரியா தப்பா என்று அப்பா அங்கேயே சொல்லிவிட வேண்டும். தப்பு என்றால் கட்டை அவிழ்த்துக் கண்ணால் பார்த்துக்கொண்டே மறுபடி தடவு. தப்பு வந்தால் நல்லதுதான். தப்பிலிருந்துதான் மூளை படிக்கும். எத்தனை சரி என்று அப்பா எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னால் போதும்.

அடுத்த விஷயம் என் வேலை. நீயே கேட்டுக்கொண்டிருந்தாய்.

தொடுதல் பற்றிய என் ஆய்வுக்குப் பட்டம் கையில் வரப்போகிறது. என் மாதிரி ஆட்கள் அதற்கப்புறம் போஸ்ட்டாக் என்று ஒன்று செய்வார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் "இன்னும் படிக்கிறானா, வேலைக்குப் போயிட்டானா?" என்று கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லிவிடு. சம்பளம் உண்டு, ஆனால் ஒருவரின் லேபில், அவர் சொல்கிற கேள்விக்குப் பின்னால் சில வருடம் ஓட வேண்டும். மூளை பற்றிய இடங்களுக்கு விளம்பரம் நிறைய வருகிறது. பாதிக்கு மேல் பார்வை, மிச்சம் ஞாபகம். தொடுதலுக்கு எப்போதாவதுதான் வரும். வந்த அன்றே உலகத்திலுள்ள தொடுதல்காரர்கள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

நானும் நின்றேன். கிடைத்துவிட்டது. இப்போது இருப்பதைவிட இன்னும் தூரம், விமானம் இரண்டு முறை மாற வேண்டும். அங்கே ஒரு அம்மையார் மயிரிழை மாதிரி ஒரு ஊசியை ஆளின் கை நரம்புக்குள் விட்டு, ஒற்றை நரம்பிழை பேசுவதை ஸ்பீக்கரில் கேட்கிறார். விரலை ஒரு பஞ்சு தொட்டால் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வருமாம். லேபில் அவருக்கு ஊசி மேடம் என்று பெயர். நேர்காணலில் நான் அவருடைய கட்டுரை ஒன்றில் கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டேன். நீ தலையில் கைவைத்துக்கொள்வது தெரிகிறது. அதனால்தான் எடுத்துக்கொண்டாராம்.

இன்னொரு வேலையும் கிடைத்திருக்கிறது, நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில். செல்போன் கம்பெனியில் திரையின் வழவழப்பைச் சோதிக்கிற வேலை. நாளெல்லாம் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். கொட்டாவி வரும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

உன் கை தேறுகிறது என்று தெரிந்தால்தான் ஊசி மேடத்திடம் போவேன். இல்லையென்றால் கண்ணாடி தடவுகிறேன். இதில் உன்னிடம் யோசனை கேட்கவில்லை, தகவலாகச் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் அடுத்த மாதக் கடைசி வரை பதிலுக்குப் பொறுப்பார்கள்.

கட்டைவிரல் கொப்புளத்தை உடைக்காதே.

சாமியிடம் அல்ல, உன்னிடமே வேண்டிக்கொள்ளும்
உன் மகன்


அன்புள்ள அம்மா,

போன கடிதத்தில் எழுத்துப்பிழை இரண்டு இருந்தது என்று அப்பாவை விட்டுப் போனில் சொல்லவைத்தாய். ஓய்வு பெற்ற பிறகும் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்க மாட்டாய் போல. இந்தக் கடிதத்தில் எத்தனை வேண்டுமானாலும் கண்டுபிடித்துக்கொள். இன்று எனக்கு எதுவும் உறைக்காது.

நேற்று அப்பா சொன்னதைக் கேட்டு மேஜையைத் தட்டினேன். பக்கத்து அறைக்காரன் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தான். முதல் வாரம் பாதிகூடத் தேறவில்லை. அடுத்த வாரம் பாதிக்கு மேல். இப்போது எட்டுக்கு எட்டு, அதுவும் வாரம் முழுக்க. அந்தப் பருத்தித் துணிகள் இரண்டையும்கூட விடவில்லையாம். "டீச்சருக்கு ஃபுல் மார்க்குடா" என்றார் அப்பா. சொன்ன கையோடு ஏனோ மழையைப் பற்றிக் கேட்டார். சந்தோஷம் போல.

நீ எவ்வளவு சிரத்தையாகச் செய்கிறாய் என்றும் விசாரித்தேன். உட்கார்ந்ததும் டிவியை நிறுத்தச் சொல்கிறாயாம். ஃபேனைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறாயாம். துணியை அழுத்தி, வேகவேகமாகத் தேய்க்கிறாயாம். "உன் துணி கிழிஞ்சாலும் ஆச்சரியமில்ல" என்கிறார் அப்பா. கிழியட்டும், வேறு அனுப்புகிறேன். என் லேபில் சோதனைக்குக் கை நீட்ட வருகிறவர்களில் ஒருத்தராவது இப்படி ஒரு சிரத்தையோடு உட்கார்ந்தால் நான் போன வருடமே பட்டம் வாங்கியிருப்பேன்.

ஊசி மேடத்துக்குச் சரி என்று எழுதிவிட்டேன். செல்போன் கம்பெனிக்கு நன்றி சொல்லிவிட்டேன். போவதற்கு முன்னால் ஒரு வாரம் வீட்டுக்கு வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு அப்பா வரவேண்டாம். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் டாக்ஸியில் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவருக்கு வழி சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அம்மா, எனக்கு இப்படியெல்லாம் எழுதத் தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன். கேட்டதை நீ செய்து காட்டிவிட்டாய். உன் கை இப்படியே இருக்கட்டும்.

பெருமையோடு,
மகன்


அம்மா,

கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வரிக்கு வரி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கே வந்து சேர்ந்து ஒரு மாதமாகிறது. அறை நன்றாக இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் கடை. சாப்பிடுகிறேன். அதையெல்லாம் போனில் சொல்லிக்கொள்ளலாம். நேற்று லேபில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

ஒரு கல்லூரிப் பெண் சோதனைக்கு வந்திருந்தாள். திரைக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டிருப்பாள். விதவிதமான துணி ஒட்டிய உருளை ஒன்று அவள் விரலுக்கடியில் சுற்றும். எந்தத் துணி என்று அவள் சொல்ல வேண்டும். காதில் பெரிய ஹெட்போன் மாட்டி, ஸ்ஸென்று அருவி மாதிரி ஒரு இரைச்சலை அதில் ஓடவிடுவோம். ஏன் என்றால், தேய்த்தால் துணி பேசும். சாக்கு ஒரு மாதிரி கரகரக்கும், பட்டு ஒரு மாதிரி. காது திறந்திருந்தால் விரலுக்கு வேலையே இல்லை. எங்கள் துறையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. என் ஆய்விலேயே இதற்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது.

நேற்று அந்தப் பெண் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. லேப் பையன்கள் குதித்தார்கள். ஊசி மேடம் வந்து கம்ப்யூட்டரில் மார்க்கைப் பார்த்தார், சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மெல்ல, "பசிக்குதாம்மா?" என்று கேட்டார். அவள் திரும்பாமலே, "லேசா, மேடம்" என்றாள்.

ஹெட்போன் வயரைச் செருகவே இல்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு நம் வீட்டு ஃபேன் ஞாபகம் வந்தது.

உன் பெட்டியில் நான் ஹெட்போன் வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் காதை மூடுகிறேன். என் அம்மாவுக்கு மூடவேண்டும் என்று தோன்றவில்லை. நீ ஏமாற்றுவாய் என்று எனக்கு எப்படித் தோன்றும்? டிவியை நிறுத்தினாய், ஃபேனை நிறுத்தினாய், அழுத்தித் தேய்த்தாய். அதை நான் சிரத்தை என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை நீ எப்படி முகத்தை வைத்துக்கொண்டு படித்தாய் என்று தெரியவில்லை.

அந்தப் பருத்தித் துணிகள் இரண்டும் எதற்கு வைத்தவை? நல்ல விரல் உள்ளவனும் தடுமாறுவதற்கு. அதில் வாரம் முழுக்கத் தடுமாறாத ஆள் உலகத்தில் கிடையாது. வேறு யாராவது இந்தக் கணக்கைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் கிழித்துப்போட்டிருப்பேன். உன் கணக்கு என்பதால் மேஜையைத் தட்டினேன்.

பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கிறவர்களை நீ எப்படிப் பிடிப்பாய் என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். "ஃபெயில் ஆனவன் பேப்பரை அப்புறம் பாத்துக்கலாம். ஃபுல் மார்க் வந்த பேப்பரை எடு முதல்ல" என்பாய். டீச்சர், உங்கள் பேப்பரை எடுத்துவிட்டேன்.

அப்பா டீக்கடைக்குப் போகிற நேரம் பார்த்து அவருக்குப் போன் செய்தேன். டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "ரெண்டாவது வாரமே எனக்குத் தெரிஞ்சு போச்சுடா. சுடுதண்ணில கைய வச்சிக்கிட்டு வேடிக்கை பாத்துட்டு நிக்கிறா. அந்தக் கைக்குத் துணி மட்டும் எப்படித் தெரியும்?" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "அவன் கண்ணாடி தடவ வந்து உக்காந்துடுவான், வாயத் தொறக்காதீங்கன்னா. டீச்சரை எதுத்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லியேடா" என்றார். அதற்குமேல் அவரைத் திட்ட முடியவில்லை. டீக்கடைக்காரர் "என்னண்ணே, வீட்ல எதாச்சுமா?" என்று கேட்பது எனக்கே கேட்டது.

நான் கிளம்பிய அன்று வாசலில் நீ என் தலையைத் தடவிக்கொடுத்தாய். இடது கையால். வலது கையில் என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். டாக்ஸி வந்த பிறகும், அப்பா கேட்டும், நீ பையைக் கொடுக்கவில்லை. இடது கையால் நீ யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை, அம்மா. அப்போது டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், நானும் அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஊசி மேடத்தின் அறைக்குப் போய், வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றேன். காரணம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், பெட்டி, ஃபேன், எட்டுக்கு எட்டு. முழுக்கக் கேட்டுக்கொண்டார். "போறதுன்னா போங்க, நான் பிடிச்சு வைக்கல. ஆனா நீங்க பக்கத்துல போய் உக்காந்தா உங்கம்மா இன்னும் நல்லா ஏமாத்துவாங்க. அவங்களுக்கு இப்ப ஒரு ஹெட்போன்தான் வேணும்" என்றார். அப்புறம், அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "இவ்வளவு கெட்டிக்காரங்க கையை நானும் ஒருதரம் பாக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, நீ ஜெயித்துவிட்டாய். நான் இங்கேயே இருக்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது உனக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது. போன வாரம் முதல் தடவையாக ஒரு நரம்பு பேசுவதைக் கேட்டேன். ஆள் அசையாமல் படுத்திருந்தார், நான் அவர் விரலைப் பஞ்சால் தொட்டேன், ஸ்பீக்கரில் தூறல் விழுந்தது. உன் விரலிலும் அந்தத் தூறல் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, அம்மா. அதைக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இத்தனை வாரமும் நீ பயிற்சி கொடுத்தது காதுக்கு. உன் காதுக்கு அது தேவையே இல்லை. அடுத்த தெருவில் யார் வீட்டில் யாரைத் திட்டுகிறார்கள் என்று வீட்டுக்குள் இருந்தே சொல்கிறவள் நீ. விரல் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது. பழைய மாதிரி முழுசாக வந்துவிடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அப்படி வருகிறவர்கள் குறைவு. கொஞ்சம் வரலாம். சூடு சுடுகிறது என்று தெரிகிற அளவு வந்தால்கூட எனக்குப் போதும். ஆனால் அந்தக் கொஞ்சமும் காதை மூடினால்தான் வரும்.

மேடம் கொடுத்த ஹெட்போன் இந்தப் பார்சலில் இருக்கிறது. மாட்டினால் அருவி மாதிரி இரையும், வேறு எதுவும் கேட்காது. அப்பாதான் மாட்டிவிட வேண்டும், அப்பாதான் கழற்ற வேண்டும். டீச்சரை எதிர்த்துப் பேச இன்றிலிருந்து அவருக்கு என் அனுமதி உண்டு. அவர் குரலும் உனக்குக் கேட்காது என்பதால், சரி என்றால் இடது தோளில் ஒரு தட்டு, தப்பு என்றால் இரண்டு. ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பேரும்.

இனி ஞாயிற்றுக்கிழமை அப்பா எத்தனை சரி என்று சொல்ல வேண்டாம். எத்தனை தப்பு, எதை எது என்று சொன்னாய், அது மட்டும் போதும். பட்டைச் சாக்கு என்று சொல். கம்பளியை ஜீன்ஸ் என்று சொல். ஒன்றுமே தெரியவில்லை என்றால், ஒன்றுமே தெரியவில்லை என்று சொல். என் பட்டத்துக்கும் வேலைக்கும் அதனால் ஒன்றும் ஆகிவிடாது. எனக்காக நீ பாஸ் ஆகவேண்டாம், அம்மா. தப்பாகச் சொல்லு. நான் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உன் தப்பு எனக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

வருடக் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன், கொடுப்பார்கள். வாசலில் பையை நானே பிடித்துக்கொள்வேன். நீ வலது கையால் தொடு. உன் விரலுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் போகட்டும். என் தலைக்குத் தெரியும்.

கோபம் இன்னும் தீராத,
உன் பிள்ளை